கம்பெனி ஃபிட்டிங்குக்கு ஒரு சந்தனப் பொட்டு

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்கள் எல்லோரும் கார் வாங்கினார்கள். கார்பரேட்டரை வாங்கிவிட்டு, அதைச் சுற்றி ஒரு காரும் இருப்பதைப் பிறகு கவனித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், சன்னிவேல் அபார்ட்மென்ட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஊருக்கே அவர் 'கார்பரேட்டர்'.

நாங்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் கேம்ரி வாங்க, இவர் அறுபதுகளில் பிறந்த எட்டு சிலிண்டர் பயில்வான் ஒன்றைப் பிடித்து வந்தார். உள்ளே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடும் அந்தப் புராதன டப்பா.

"கம்பெனி ஃபிட்டிங் சார்! ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை. முன்னாடி ரெண்டு சின்ன வாய், சாதுவா சாப்பிடும். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினா பின்னாடி ரெண்டு பெரிய வாய் திறக்கும் பாருங்க!"

திறந்தது. சத்தம் பக்கத்து ஊர்வரை கேட்டிருக்கும்.

அது நல்ல கார்பரேட்டரா என்று ஆபீஸில் விசாரித்தது என் தப்பு. ஒரு வெள்ளைக்காரர், கழற்றிக் கடாசிவிட்டு ரேஸ் கார்பரேட்டர் மாட்டச் சொன்னார். இன்னொருவர், அதைப் போல ஒன்று இனிப் பிறக்காது, ட்யூன் பண்ணத் தெரியாதவர்கள்தான் திட்டுவார்கள் என்றார். இருவரும் கார் ஓட்டாமல், என்னோடு கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் வருகிறவர்கள்.

தெளிவாக இருந்தவர் எதிர்வீட்டுக்காரரின் மனைவி மட்டுமே. "இன்னொரு தடவை ஃப்ரீவேல நின்னுச்சுன்னா இதை வித்துட்டு கேம்ரி வாங்கறோம். அவ்வளவுதான்."

கார்பரேட்டர் மிரண்டுபோய், லிவர்மோர் கோயிலில் பூஜை போடக் கிளம்பினார். மனைவியை முன்சீட்டிலும், துணைக்கு என்னைப் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டார்.

குருக்கள் பானெட்டில் பொட்டு வைக்கப் போனார்.

"அங்க வேண்டாம் சாமி, உள்ள!" என்று மூடியெல்லாம் கழற்றி டப்பாவையே காட்டினார் இவர்.

குருக்கள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் எப்போதோ குழம்பியிருந்தேன். சந்தனம் தாராளமாக விழுந்தது. நாலு டயரும் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டன.

ஃப்ரீவேயில் ஏறியதும் இருமல். அப்புறம் கறுப்புப் புகை. அப்புறம் சத்தமே இல்லை. ஓரத்தில் ஒதுங்கினோம்.

திறந்த பானெட் முன்னால் நின்றவர், "நேத்துகூட நல்லா இருந்துச்சு சார்... பரவாயில்லை, வித்துடறேன்" என்றார். டப்பாவின் பக்கமே பார்க்கவில்லை.

அவர் மனைவி இறங்கி வந்து, மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். சந்தனம் சூட்டில் இளகி வழிந்து, டப்பாவின் காற்றுத் துளைகளை அடைத்திருந்தது. தினமும் சாப்பாட்டு வேளையில் கணவரிடம் கேட்ட கார்பரேட்டர் பிரசங்கம் வீண்போகவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, துளை துளையாகக் குத்தி எடுத்து, முந்தானையால் துடைத்தார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முனகிவிட்டு, கர்ஜித்தது. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஏங்க, சும்மா இருந்திருந்தா கேம்ரி வந்திருக்குமே?"

"வந்திருக்கும். இந்த மனுஷன் அதுல உட்கார்ந்து என்கிட்ட என்ன பேசுவாரு?"

அந்தக் கார்பரேட்டர் நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது என் காரில் கார்பரேட்டரே கிடையாது, எங்கேயும் நிற்பதில்லை. ஆனால் ஃப்ரீவே ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து யாராவது நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கிறேன், அவராக இருக்கக் கூடாதா என்று.