ஏழாம் வார்டில் ஒரு விக்கன்

"நெருப்பு கூடாது, கத்தி கூடாது, உடுப்பைக் கழட்டக் கூடாது. மத்தபடி உங்க மதம், உங்க இஷ்டம்," என்றார் ஆஸ்பத்திரிப் பாதிரியார், போனில்.

தெல்மாவின் கையில் பாதி முடி வெட்டிய பூடில் நாய் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"ஏழாம் வார்டுல ஓக்டன்னு ஒரு பெரியவர். வெள்ளிக்கிழமை இடுப்பு ஆபரேஷன். தான் ஒரு விக்கன்னு சொல்றார். அதுக்கு முன்னாடி அவங்க ஆளுங்க யாராவது வந்து ஆசீர்வாதம் பண்ணணுமாம். நீங்கதான் எங்ககிட்ட பேர் கொடுத்து வெச்சிருக்கீங்களே."

பேர் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. கத்தோலிக்கர்களுக்கு அழைப்பு வந்தது, சீக்கியர்களுக்கு வந்தது. இங்கிலாந்தின் அந்த லங்காஷயர் ஊரில் விக்கன்களுக்கு மட்டும் உடம்புக்கே வராது போலிருக்கிறது என்று தெல்மா நம்பிக்கையே இழந்திருந்தாள். பூடிலை மிச்ச முடியோடு எஜமானியிடம் ஒப்படைத்துவிட்டு, நாய்களுக்கு முடி வெட்டும் தன் கடையைப் பூட்டி, கேக் சுடக் கிளம்பினாள்.

காட்டுக் கடவுளையும் நிலாத் தேவியையும் கும்பிட்டுக்கொண்டு, தங்களைச் சூனியக்காரர்கள் என்று கூசாமல் சொல்லிக்கொள்கிற விக்கன்கள் அந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அந்த அளவுக்கே ஒற்றுமை தாங்கவில்லை. கோடைத் திருவிழாவில் ஆளுக்கொரு கடை போட்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். பேசிக்கொண்டால் அதைவிட மோசம்.

தெல்மா ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, பௌர்ணமியன்று சமையலறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, தன்னைத் தானே விக்கன் ஆக்கிக்கொண்டவள். "சமையல் புத்தகம் படிச்சவளெல்லாம் சமையல்காரி ஆயிடுவாளா?" என்று இன்னொரு விக்கனான கிளிஃபர்ட் ஒருநாள் திருவிழாக் கூட்டத்தின் நடுவே கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். தன்னை ஒரே ஒருவராவது அசல் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆசை அவளை விட்டுப் போகவே இல்லை.

ஓக்டன் மெலிந்த மனிதர். கண் மட்டும் நல்ல சுறுசுறுப்பு. பக்கத்துக் கட்டில் மேஜையில் பூங்கொத்தும் வாழ்த்து அட்டைகளும் வழிந்தன. இவர் மேஜையில் ஒரு தண்ணீர்க் குவளை.

கேக்கை ருசித்தபடியே கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க யார்கிட்ட தீட்சை வாங்கினீங்க?"

தெல்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "நானே எனக்குக் கொடுத்துக்கிட்டேன்."

"ஓ, அப்படியும் உண்டா? கைக்குக் கை வந்தாத்தான் செல்லும்னு யாரோ சொன்னாங்க. வயசான காலத்துல, செல்லாத ஆசீர்வாதத்தோட கத்திக்குக் கீழ போயிட்டா..." இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "இன்னொருத்தரையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா நிம்மதியா இருக்கும். அவசரமில்ல. சாயங்காலம் வந்தா போதும்."

மானத்தை விழுங்கிக்கொண்டு தெல்மா போய் நின்ற வாசல் கிளிஃபர்டுடையதுதான். அவர் ஓய்வுபெற்ற பஸ் இன்ஸ்பெக்டர். டிக்கெட் பரிசோதித்த அதே முகத்தோடு இப்போது விக்கன்களைப் பரிசோதித்து வந்தார்.

"விக்கன்தான் இன்னொரு விக்கனை உண்டாக்க முடியும்," என்று சாயங்காலம் ஓக்டனின் கட்டில் காலடியில் நின்று முழங்கினார். "எனக்குக் கொடுத்தவங்களுக்கு ஒருத்தர் கொடுத்தாங்க, அவங்களுக்கு ஒருத்தர். சங்கிலி! அறுபடாத சங்கிலி! சரி, சடங்குன்னா நீங்க பிறந்த மேனியா இருக்கணும்."

"கூடாதுன்னு பாதிரியார் சொல்லிட்டார்," என்றாள் தெல்மா.

கிளிஃபர்ட் ஓக்டனின் ஆஸ்பத்திரி கவுனைச் சுற்றிவந்து பார்த்தார். முதுகுப் பக்கம் அது முழுக்கத் திறந்தே கிடந்தது. "பாதி தேறுது," என்று ஒத்துக்கொண்டார்.

அவர் கொண்டுவந்த பன்றியிறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தைப் பிட்டுத் தின்றுகொண்டே ஓக்டன் மெல்ல இழுத்தார். "இந்த அம்மா தேவிங்கறாங்க. நீங்க கடவுள், கடவுள்ங்கறீங்க. என் இடுப்பை நான் யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான்!" என்றார் கிளிஃபர்ட்.

"ரெண்டு பேர்னா பொறுப்பு யாருக்கும் இருக்காதே சார். இதுல விஷயம் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையா?"

இப்படித்தான் மறுநாள் சான்ட்ரா வந்தாள். சடங்குகளில் அவள் பெயர் வெள்ளி ஆந்தை. தேவி ஒருத்திதான் உண்டு, கடவுள் என்பது ஆண்கள் பின்னால் சேர்த்துக்கொண்ட ஒட்டுத்துணி என்பது அவள் கட்சி. ஒரு பை நிறைய டாஃபி கொண்டுவந்திருந்தாள்.

"சடங்கைக் கிழக்குல ஆரம்பிப்போம்," என்றார் கிளிஃபர்ட்.

"வடக்கு," என்றாள் சான்ட்ரா. "கிழக்குல கக்கூஸ் இருக்கு, கண்ணு தெரியலையா?"

"அதுக்காக சூரியன் இடம் மாத்திக்குமா?"

"முதல்ல கட்டிலைச் சுத்தி வரணுமே," என்றாள் தெல்மா, சமாதானமாக. "தலைமாடு சுவரோட ஒட்டியிருக்கு." அவளே கட்டிலின் சக்கரப் பூட்டைத் தட்டி, லேசாக இழுத்தாள். கட்டில் லேசாக வரவில்லை. ஓக்டனோடு உருண்டுபோய் அடுத்த கட்டிலில் மோதி, பூங்கொத்து கவிழ்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த முன்னாள் மாலுமி எழுந்து உட்கார்ந்தார்.

"கிழக்குதான்யா! கடல்ல முப்பது வருஷம் இருந்தவன் சொல்றேன்!"

"நீங்க விக்கனா?" என்று சீறினாள் சான்ட்ரா.

"இவளே விக்கன் இல்ல, இவ அவரைக் கேக்கறா!" என்றார் கிளிஃபர்ட்.

வார்டே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காலில் கட்டுப் போட்டவர்கள் வடக்கு, மற்றவர்கள் கிழக்கு. தேநீர் வண்டி தள்ளும் நோரீன் மட்டும் கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். ஓக்டன் டாஃபியை மென்றபடி, பந்தாட்டம் பார்ப்பவர்போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

தலைமை நர்ஸ் வந்தாள். "ஒருத்தர் இருங்க. ஒரே ஒருத்தர். மத்தவங்க வெளிய! யாருன்னு நீங்களே சொல்லுங்க மிஸ்டர் ஓக்டன்."

வார்டே ஓக்டனைத் திரும்பிப் பார்த்தது. தெல்மா தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எந்தப் பள்ளிக்கூட விளையாட்டிலும் கடைசியாகக்கூட அவளை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

"தெல்மா அம்மா இருக்கட்டும்," என்றார் ஓக்டன்.

"என்ன காரணம்?" கிளிஃபர்டின் மீசை துடித்தது.

"அவங்கதான் முதல்ல வந்தாங்க. நீங்க கோவிச்சுக்காம சனிக்கிழமை வந்து, அவங்க பண்ணினது எங்கெங்க தப்புன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க சார். சான்ட்ராம்மா ஞாயித்துக்கிழமை வந்து, நீங்க சொன்னது எங்க தப்புன்னு சொல்லட்டும்."

இருவரும் சனி, ஞாயிறை மனதில் குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு கதவு வழியாக வெளியேறினார்கள்.

திரை இழுக்கப்பட்டது. மெழுகுவர்த்திக்குப் பதில் பாட்டரி விளக்கு, கத்திக்குப் பதில் நோரீன் கொடுத்த தேக்கரண்டி. எந்தத் திசையில் ஆரம்பித்தோம் என்பது தெல்மாவுக்கே தெரியவில்லை. இந்த மனிதருக்கு வலிக்கக் கூடாது, இவர் எழுந்து நடக்க வேண்டும் என்று மட்டும் நிலாவைக் கேட்டுக்கொண்டாள். ஓக்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

"நீங்கதாம்மா அசல்," என்றார்.

தெல்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நடைவழியில் நோரீனின் வண்டியை மறித்து நின்றாள்.

"நோரீன், ஒருத்தர்! இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் என்னை விக்கன்னு ஒத்துக்கிட்டார்! அதுவும் இன்னொரு விக்கன்!"

நோரீன் அந்தத் தேக்கரண்டியை வாங்கி வண்டியில் போட்டாள்.

"சந்தோஷம் கண்ணு. பாவம், அந்த மனுஷனைத் தேடி வர ஒரு நாதி கிடையாது. போன தடவை முட்டி ஆபரேஷனுக்கு வந்தப்ப தான் ஒரு குவேக்கர் கிறிஸ்தவர்னு சொல்லிப் பாத்தார். வந்தவங்க அவங்க வழக்கப்படி கண்ணை மூடி, வாயே தொறக்காம உக்காந்திருந்துட்டுப் போயிட்டாங்க. அதான் இந்தத் தடவை, 'நல்லா சண்டை போடற மதமா ஒண்ணு பாத்துச் சொல்லு நோரீன்'னார். கோடைத் திருவிழாவுல உங்க கடைகளுக்குப் பக்கத்துலதானே நான் டீ போட்டேன்?"