இடது பக்கம் பார்க்கும் அறுபது பேர்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவனின் பணிவான வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன அறுபது காலாட்படை வீரர்களும் குதிரைமேல் இருக்கும் தளபதியும் சுகமா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் கடைசிவரை நான் மட்டும்தான் பேசுவேன். நாளைக் காலை மாப்பிள்ளை இந்தப் பக்கம் வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரை ஒன்றும் கேட்காதீர்கள், பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நம் பொம்மைப் போர்ச் சங்கத்தில் போட்டி என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வர்ணம் பூசாத பொம்மை மேசைமேல் நிற்கக் கூடாது என்ற விதியும் நினைவிருக்கிறது. போன வருடம் தாங்கள் அவசரத்தில் வெறும் ஈயப் படையோடு போய் நின்றபோது, சங்கத் தலைவரான அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "என்ன சார், ஒருத்தனுக்கும் துணியே இல்லை? போய் உடுத்திக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னதும், அதற்குப் பிறகு தாங்கள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று என் மகள் சொன்னதும் நினைவிருக்கிறது. இந்த வருடம் அவரோடுதான் தங்களுக்கு முதல் போர். எனக்கு அந்த வயிற்றெரிச்சல் தங்களைவிட ஒரு பங்கு அதிகம். சம்பந்திக்கு அவமானம் என்றால் எனக்கும்தானே?

அதனால்தான் தாங்கள் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, "முப்பத்துமூணு வருஷம் பல்செட் கட்டின கை. பல்லுக்கே நிறம் பார்த்துப் போட்டவர், இதைப் போட மாட்டீங்களா?" என்று கேட்டதும் நான் உச்சி குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டேன். தாங்கள் இப்போது சிரிக்கும் மேல்வரிசைகூட என் கைவேலைதானே. "உங்ககிட்டயும் இதே படை, இதே டப்பாவுல இருக்கு. கலந்துடக் கூடாது சம்பந்தி. அதான் என் ஆளுங்க ஒவ்வொருத்தன் காலடியிலயும் ஊசியால ஒரு கோடு கீறியிருக்கேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் வாயில நான் மாட்டினதே இல்லை சம்பந்தி" என்று சொன்னேன். என் படை அடுத்த வருடப் போட்டிக்குத்தான், அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, தங்கள் டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தட்டு டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நாங்கள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம்.

முதலில் நல்ல செய்தி. பல் எல்லாம் அருமையாக வந்திருக்கிறது. பொம்மைக்கு ஏது பல் என்று கேட்பீர்கள். சுண்டுவிரல் கணு அளவு இருக்கும் ஆளுக்கு வாய் என்று ஒரு கீறல்தான் இருந்தது. தொழில் புத்தி போகுமா? வெள்ளை அல்ல, லேசான தந்த நிறம், வயதுக்கு ஏற்ற மாதிரி, ஆளுக்கு ஆறு பல் வைத்துவிட்டேன். அறுபது பேரும் ஈட்டியை நீட்டிக்கொண்டு ஈயென்று சிரிக்கிறார்கள். என் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, இவங்க சண்டைக்குப் போறாங்களா, போட்டோ எடுக்கப் போறாங்களா?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அடுத்தது கண். கண்தான் கஷ்டம் என்று சங்கத்தில் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, ஒரே முடி வைத்த தூரிகையால் நூற்றிருபது கருவிழியையும் ஒரே மதியத்தில் வைத்து முடித்தேன். முடித்துவிட்டு வரிசையாக நிறுத்திப் பார்த்தால், ஐயோ, ஒருத்தன்கூட நேராகப் பார்க்கவில்லை! எனக்கு வலது கைப் பழக்கம் அல்லவா, தூரிகை போகிற போக்கில் அத்தனை கருவிழியும் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுபது பேரும் சேர்ந்தாற்போல் இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுந்து வலது பக்கம் போனால் ஒருத்தனும் மதிப்பதில்லை. திருத்தப் போனால் கண் பெரிதாகி, பேயைப் பார்த்தவன் மாதிரி முழிக்கிறான். நாலு பேரை அப்படிக் கெடுத்த பிறகு விட்டுவிட்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எப்படியாவது பேசி, கண்ணாடிக் கடைக்காரரின் படையை இடது பக்கமாக வரச்செய்ய வேண்டும். அவர் வலது பக்கமாக வந்தால் நம் ஆட்கள் அவரைப் பார்க்கவே மாட்டார்கள், தொழில்முறையில் அவர் அதைக் கண்டுபிடித்தும்விடுவார்.

இந்தக் கவலையில்தான் டீ விவகாரம் நடந்தது. தூரிகை கழுவும் தண்ணீரும் டீயும் ஒரே மாதிரி டம்ளரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் என்ன செய்வேன் சம்பந்தி, கண் முழுக்க வீரன்மேல். தூரிகையை டீயில் முக்கித் தளபதியின் குதிரைக்கு அடித்தேன். நீலத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். குதிரை அழகான பழுப்பாக வந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது, முகர்ந்து பார்த்தால்தான் ஏலக்காய் வாசனை. என் பல்தான் இரண்டு நாள் நீலமாக இருந்தது. ஊர் முழுக்கப் பல் கட்டிக் கொடுத்தவன் கதவைத் திறந்து வாயைத் திறந்தால் தபால்காரர் பின்வாங்குகிறார். மருத்துவரிடம் போனேன். "எவ்வளவு குடிச்சீங்க?" என்றார். "பாதி டம்ளர்." "ருசியில தெரியலையா?" "வீட்டுல போடுற டீதானேன்னு நினைச்சேன் டாக்டர்." மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அன்று ராத்திரி சாப்பாடு கிடைக்கவில்லை.

இனி தளபதி. இதைப் படிக்கும்போது தாங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். கை தவறிக் கீழே விழுந்தார். தலை தனியாக, உடம்பு தனியாக. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை பாத்திரம் தேய்க்கும் இடம்வரை உருண்டு போய்விட்டது, நானும் மனைவியும் தரையில் ஊர்ந்து தேடினோம். கிடைத்ததும் பதற்றத்தில் பசை வைத்து ஒட்டி, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அப்புறம்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அவர் என் கட்டைவிரலோடு ஒட்டியிருந்தார். இரண்டு, முகம் முதுகுப் பக்கம் இருந்தது. விரலை வெந்நீரில் ஊறவைத்துப் பிய்த்துவிட்டேன். கழுத்து மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதுதான். தளபதி என்றால் பின்னால் வருகிறவர்களைக் கவனிக்க வேண்டாமா? அவரும் சிரிக்கிறார்.

கடைசியாக, கை பட்டு வர்ணம் உரியாமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும் அல்லவா? மழை பெய்துகொண்டிருந்தது. ஈரக் காற்றில் அடிக்காதே என்று டப்பாவின்மேல் எழுதியிருந்ததாம். எழுத்து நான் பூசிய பற்களைவிடப் பொடி. அடித்த பத்தாவது நிமிடத்தில் படை முழுவதும் மாவில் புரண்டது மாதிரி வெளுத்துப்போய்விட்டது. நான் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணீர் வந்துவிட்டது. மகள் வாழ்கிற வீட்டுக்கு எந்த முகத்தோடு இனி வருவேன் என்றுதான் நினைத்தேன். மனைவி சமையல் எண்ணெயைக் காது குடையும் பஞ்சில் தொட்டு ஒருத்தனைத் துடைத்துப் பார்த்தாள். வெளுப்பு போய் நிறம் வந்தது! இப்போது ஐந்து நாளாக அவள் துடைக்கிறாள், நான் ஊதுகிறேன். பளபளப்பு கொஞ்சம் அதிகம், கையில் எடுத்தால் வழுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே சம்பந்தி, பல்லுக்கு ஒரு மன்னிப்பு, கண்ணுக்கு ஒரு மன்னிப்பு, குதிரைக்கு, தளபதிக்கு, எண்ணெய்க்குத் தனித்தனியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தை என்மேல் காட்டுங்கள், திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் மகளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவள் அப்போதே சொன்னாள், "அப்பா, உனக்கு எதுக்குப்பா இந்த வேலை? அவர் பல்லைத் தவிர வேற எதுலயும் கை வைக்காதே" என்று.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவை என் மனைவி தனியாக விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். தங்கள் படை வெல்ல வேண்டும், பார்வை எந்தப் பக்கம் இருந்தாலும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போகும்போது, கடைசி ஆளைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, சம்பந்தி ஏதோ கோடு கீறியிருக்கேன்னாரே, இவன் காலடியில ஒண்ணுமே இல்லையே" என்றாள். அறுபத்தோரு பேரையும் கவிழ்த்தோம். ஒருத்தனுக்கும் கோடு இல்லை. மேல்தட்டு டப்பாவை இறக்கினோம். அத்தனை பேருக்கும் கோடு. அலமாரி துடைத்த அன்று அவள்தான் மாற்றி வைத்திருக்கிறாள், "பேர் எழுதி ஒட்டுங்கன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று என்னையே கேட்கிறாள். ஆக, இத்தனை நாள் நான் சின்னாபின்னமாக்கியது என் படையை. மேலே கேட்ட மன்னிப்புகள் ஐந்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் படைமேல் ஒரு தூசுகூட விழவில்லை. ஒரு பொட்டு வர்ணமும் விழவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை, அடுத்த நாள் போட்டி. இதற்குப் பெரிதாக ஒரு மன்னிப்பு வேண்டும்.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள். தாங்கள் முப்பது, நான் முப்பது. கல்யாணத்தன்று தாங்கள் இடது கையால் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் முப்பது பேர் வலது பக்கம் பார்ப்பார்கள், என் முப்பது பேர் இடது பக்கம். கண்ணாடிக் கடைக்காரர் எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் வரட்டும். தளபதிக்கு மட்டும் என் மனைவி கண் வைக்கிறேன் என்கிறாள், நாம் இருவரும் அவரைத் தொடக் கூடாது என்றுவிட்டாள். டீ அடுத்த அறையில்தான்.