ஜாங்கிரியைப் பறித்த மாப்பிள்ளைக்கு

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை பாண்டியராஜுக்கு, வடமதுரையிலிருந்து உன் தாய்மாமன் உடையப்பன் எழுதுவது. இங்கு நான் சுகமில்லை. அங்கு நீ சுகமாயிருப்பது நியாயமுமில்லை. இனி சொல்லப்போவதைத் திண்டுக்கல் சீமையில் ஒரு பயலும் நம்பமாட்டான் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

உன் நிச்சயதார்த்தப் பந்தியில் நாலாயிரம் பேர் பார்க்க என் இலையிலிருந்து ஜாங்கிரியைப் பறித்து, "மாமாவுக்கு மூணு மாசச் சுகர் ஆறரையைத் தாண்டிருச்சு, திருடித் திங்கிறாரு" என்றாயே, அதைக் கேட்டுச் செம்பட்டி முக்கில் பஸ்ஸெல்லாம் பிரேக் போட்டு நின்றது. தினமும் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் சரியாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரிக் கணக்கு மட்டும் ஏறி நிற்கிறது. இதற்கு உன் அத்தை முத்துப்பேச்சி கண்ட விளக்கம், "குத்துற நேரம் மட்டும் யோக்கியன்!" வெல்லப்பானைக்குப் பூட்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தை மாட்டுக்கு வைத்தாள். அது என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நக்கியது. நானோ முகம் வீங்கி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்தபடியே தூங்கினேன். "தின்ன மயக்கம்" என்றாள்.

பந்தியிலிருந்து எழுந்தவன் நேரே டாக்டர் சத்யபிரியாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தவர், "ஐயா, உங்க தைராய்டு மந்தமா ஓடுது. புது ரத்த அணு மெதுவாத்தான் வருது. பழசே ரொம்ப நாள் தங்கிச் சர்க்கரையை ஒட்ட வச்சுக்கிருது. அதான் மூணு மாசச் சுகர் உள்ளதவிடக் கூடக் காட்டுது" என்றார்.

"அப்ப நான் திருடன் இல்லன்னு எழுதிக் குடும்மா!"

"அதுக்கெல்லாம் சீட்டு இல்லீங்க. தைராய்டு மாத்திரை போடுங்க. சுகரையும் பாத்துக்கிட்டே இருங்க, நெசமாவும் ஏறலாம்."

சுகர் மாத்திரை ஒன்றுகூட விழுங்கவில்லை. தைராய்டு மாத்திரையில் கழுத்துச் சுரப்பி விழித்ததும், சில மாதத்தில் கணக்கு தானாக இறங்கிவிட்டது. முத்துப்பேச்சி ரிப்போர்ட்டைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "மெசினு ரிப்பேரா இருக்கும்" என்கிறாள்.

ஆகவே அந்த நாலாயிரம் பேரையும் மறுபடி உட்காரவைத்து, "எங்க மாமன் திருடன் இல்ல" என்று மைக்கில் சொல்லி, உன் கையால் என் இலையில் ஜாங்கிரி வைக்காதவரை நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். தாய்மாமன் இல்லாமல் எப்படி மணவறை ஏறுகிறாய், பார்க்கிறேன்லே!

பதினாறும் பெற்று, அந்தப் பதினாறும் உன் இலையில் கைவைக்குமாறு ஆசீர்வதிக்கும்,
உடையப்பன்

பி.கு.: நாலாயிரம் என்றது முந்நூறு இருக்கும். மாடு நேராகத்தான் பார்த்தது. வரமாட்டேன் என்றதும் புளுகு. தபாலில் போட்டால் முகூர்த்தம் தாண்டிவிடுமென்று நானே கொண்டுவந்து உன் கதவிடுக்கில் சொருகியிருக்கிறேன். மந்தமான தைராய்டு மூன்று மாதச் சர்க்கரையை ஏற்றிக் காட்டும் என்ற சின்ன விஷயம் மட்டும் சத்தியம். கதவைத் திற அப்பு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாச்சு, பசி உசுரு போகுது.