வாசலில் சுங்கச் சோதனை

"கையை நீட்டு."

"நீட்டிட்டேன் மாமா."

"மாமாவா? அது இன்னும் முடிவாகல. சார்னு சொல்லு. நகத்தைக் காட்டு. சுண்டுவிரல் நகத்துல வெள்ளையா அது என்ன?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தான் சார்."

"பிடிபட்டவன் எல்லாரும் இதைத்தான் சொல்லுவான்."

கேட்டுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ரொட்டிக்காரன் நின்றான். உள்ளே டார்ச் விளக்கோடு நின்றவர் அவன் காதலியின் அப்பா. துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சுங்கத்தார் என்றுதான் சொல்லும். அப்போதுதான் மாலை நடை முடிந்து திரும்பியிருந்தார்; வியர்வைகூட அடங்கவில்லை, அதற்குள் கடமை.

அவர் தேடியது தங்கம் அல்ல, கோதுமை. அவருடைய ஒரே மகளுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் சாப்பிட்டால்தான் என்று இல்லை. மாவு பட்ட கரண்டி அவள் தட்டில் பட்டாலே போதும். கன்னமெல்லாம் தடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மறுநாள் வேலைக்கு முழுக்கு.

டாக்டர் கோதுமையில் இருக்கிற 'க்ளூட்டன்' என்று பெயர் சொன்ன அன்றே சுங்கத்தார் சமையலறைக்குள் இறங்கி ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் டப்பா அத்தனையையும் பறிமுதல் செய்தார். அப்படியும் அவளுக்கு அவ்வப்போது வந்தது. எதிலிருந்து என்று பிடிபடவில்லை. பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், பெருங்காயம் வெளியேறியது. சோயா சாஸ் வெளியேறியது. உதட்டுச்சாயம் வெளியேறியது. அம்மாவின் முகப்பவுடர் ஒரு பாவமும் அறியாதது; அதுவும் வெளியேறியது.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் காதலித்தது, பேக்கரியில் மாவு பிசைகிறவனை.

"உலகத்துல வேற ஆம்பளையே இல்லையா?" என்று அப்பா கேட்டபோது, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் அமைதியாகப் பதில் சொன்னாள்.

"கண்ணாடி மாத்த வந்தார்ப்பா. அவர் கண்ணாடி பூரா மாவு. நான்தான் தொடைச்சுக் குடுத்தேன்."

"மாவைத் தொட்டியா!"

"கையுறை போட்டுக்கிட்டுத்தான்."

"பாத்தீங்களா, கையுறை போட்டுக்கிட்டே காதலிச்சிருக்கா. யாரு பொண்ணு!" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு." பெண் கேட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்ற ரொட்டிக்காரன் பக்கம் திரும்பினார் சுங்கத்தார். "எந்த பேக்கரி தம்பி?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சார். பச்சைப் பலகை போட்ட கடை."

சுங்கத்தாருக்குத் தண்ணீர் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். சமாளித்துக்கொண்டு அவர் நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே? கடைப் பக்கமே தலைகாட்ட மாட்டியே?"

"மாட்டேன் சார்."

"நிச்சயமா?"

"சத்தியமா சார்."

"சரி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வா. நீ வந்துட்டுப் போய் ஒரு தடவையாவது என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, கல்யாணப் பேச்சை எடுக்கலாம்."

அந்த முதல் ஞாயிறுதான் இது. ரொட்டிக்காரன் சோப்பு கரையக் கரையக் குளித்து, துணிக்கடையில் வாங்கிய மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தான். வாசலில் அம்மா அவன் கையில் இன்னொரு சோப்பைக் கொடுத்தாள். கழுவிவிட்டு உள்ளே போய், சொன்ன நாற்காலியில், சொன்ன தூரத்தில் உட்கார்ந்தான்.

அம்மா மகளுக்குப் பழத்துண்டுகள் கொண்டுவந்தாள். சுங்கத்தார் தட்டை வழிமறித்தார். ஒவ்வொரு துண்டாக விரலால் அழுத்தி, முகர்ந்து, புரட்டிப் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "போகலாம்" என்று உத்தரவு கொடுத்தார்.

"எங்க வீட்டுல எனக்கு ஒரு வாய் போக இவ்வளவு பரீட்சை" என்று மகள் கண்ணைச் சிமிட்டினாள். ரொட்டிக்காரனுக்கு உலகமே இனித்தது.

இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் போன் வந்தது.

"வந்துடுச்சு மாவு." அவள் அவனை மாவு என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை ஆபத்தான பெயரை இத்தனை ஆசையாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"ஐயோ! ரொம்ப வலியா?"

"பல்லைக் கடிச்சா தாங்கலாம். கன்னம்தான் பன்னு மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பன்னுங்கற வார்த்தையே இந்த வீட்ல பேசக்கூடாது!"

ரொட்டிக்காரன் யோசித்தான். சட்டை புதுசு, செருப்பு பழசு. தையல் இடுக்கெல்லாம் மாவு. கைக்கடிகார வார், ஸ்கூட்டர் சீட், சாவிக்கொத்து எல்லாமே குற்றவாளிகள். அடுத்த ஞாயிறு கடிகாரம் இல்லாமல், ஸ்கூட்டர் இல்லாமல், புதுச் செருப்பில் நடந்தே வந்தான். கடிகாரம் இல்லாததால் நேரம் தப்பி, மதியத் தூக்கத்தில் கதவைத் தட்டி வசவு வாங்கினான். புதுச் செருப்பு கடித்து நொண்டினான்.

"காலுக்கு என்ன?" என்றார் சுங்கத்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"நொண்டறவன் செருப்புக்குள்ளதான் வைரமே இருக்கும். கழட்டு."

செருப்பில் வைரமும் இல்லை, மாவும் இல்லை. சுங்கத்தார் நடைக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் ஒருமுறை கழற்றச் சொன்னார். அன்று மாலையும் மகள் படுத்துவிட்டாள்.

"தலைமுடி!" என்று ரொட்டிக்காரனுக்குப் பொறி தட்டியது. மூன்றாவது ஞாயிறு மொட்டைத் தலையோடு, மீசையும் இல்லாமல் வந்து நின்றான். கதவைத் திறந்த அம்மா, "குழாய் ரிப்பேர்தானே? பின்பக்கம் இருக்கு தம்பி, அந்த வழியா வாங்க" என்றாள்.

"நான்தான் அத்தை."

"அட கடவுளே! முட்டைக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கியே!"

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாத்தான் இருக்கு மாவு. கண்ணு இப்பத்தான் முழுசாத் தெரியுது."

அந்தச் சந்தோஷம் இரண்டு மணி நேரம் நீடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை முன்னைவிட அதிகம். மொட்டைக்குத் தடவிய எண்ணெயாக இருக்குமோ என்று அவள் பூதக்கண்ணாடியை வைத்து, அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய புட்டியில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தாள். பார்த்தால், கோதுமை முளை எண்ணெய்!

"நானே கொண்டுவந்து கொட்டிட்டேனே!" என்று ரொட்டிக்காரன் மொட்டையில் அடித்துக்கொண்டான்.

"மூட்டையாவே வந்து இறங்கியிருக்கான்" என்றார் சுங்கத்தார்.

நான்காவது ஞாயிறு அவன் எதையும் விடுவதாக இல்லை. கழுத்து முதல் கணுக்கால் வரை மழைக்கோட்டு, கையுறை, முகமூடி. வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தோட்டத்தில் நாற்காலி போட்டு, மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், பேச்செல்லாம் போனில்.

"வேர்க்குதா?"

"உள்ளுக்குள்ள குளமே இருக்கு. நீ பேசு."

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னங்க, கரப்பான் மருந்தா? முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கும் அடிச்சிட்டுப் போங்களேன்!"

அன்று மாலை சுங்கத்தார் ஜன்னலை ஆராய்ந்து, மகளின் தட்டை ஆராய்ந்து, அழுத்தி, முகர்ந்து, "போகலாம்" என்றார். இருட்டுவதற்குள் மகளின் கன்னம் வீங்கிவிட்டது.

"ஜன்னல் இடுக்கு வழியாவா வரும்?" என்றாள் அம்மா.

"வந்திருக்கே! முன்னெல்லாம் எந்தக் கிழமைன்னு இல்லாம வரும். இவன் காலடி வெச்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை மட்டும். இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

கணக்கு அப்படித்தான் இருந்தது.

சுங்கத்தாரின் குரல் இறங்கியது. "தம்பி, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. சின்ன வயசுல இருந்து இவ சுருண்டு படுக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். காரணம் தெரியாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தூக்கிட்டு ஓடியிருக்கேன். அவளுக்காக இந்த வீட்ல அத்தனை பேரும் நாக்கைக் கட்டிட்டோம். நான் உட்பட. நீ என்ன செய்யப்போற?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற ரொட்டிக்காரன் முகமூடியைக் கழற்றினான். "வேலையை விட்டுடறேன் சார்."

"வேண்டாம்!" என்று கட்டிலிலிருந்தே கத்தினாள் மகள். "அடுப்புல இருந்து ரொட்டியை வெளிய இழுக்கறப்ப நீ ஒரு சிரிப்பு சிரிப்பியே, போன்ல காட்டினியே, அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் நான் விழுந்தேன். அதை விட்டுட்டு வந்து எனக்கு என்ன மொகத்தைக் காட்டப்போற?"

"நீ இப்படிப் படுத்துக் கிடந்தா எனக்கு எங்கேர்ந்து வரும் சிரிப்பு? முடிவு பண்ணிட்டேன். நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் சொன்னது.

அம்மா கணவரைப் பார்த்தாள். "அந்தப் புள்ள சோத்துல கை வெச்சாச்சு. நீங்களே கூடப் போய், ஏன் விடறான்னு முதலாளிகிட்ட மரியாதையா எடுத்துச் சொல்லிட்டு வாங்க."

"நானா? அந்தக் கடைக்கா?" சுங்கத்தார் எழுந்தே விட்டார். "ஒரே மாவுப் புழுதியா இருக்கும்! என் மேல ஒட்டிக்கிட்டு வந்தா?"

"வந்ததும் குளிங்க."

"எனக்கு வழி தெரியாது."

"தம்பிக்குத் தெரியும்."

"முட்டி வலி."

"சாயங்காலம் நடக்கறப்ப வலிக்கலையே? நானும் வரேன், கிளம்புங்க."

திங்கட்கிழமை மாலை எல்லாருமாகப் போனார்கள். மகள் முகமூடியோடு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். பேக்கரி வாசலில் சூடான ரொட்டி வாசனை ஆளைத் தள்ளியது. சுங்கத்தார் கைக்குட்டையால் முகத்தைக் கண்வரை மூடிக்கொண்டு, படியில் ஏறாமல் தூணோடு தூணாக ஒட்டி நின்றார்.

"என்ன கல்யாணப் பொண்ணு மாதிரி ஒளியறீங்க? பேச வந்துட்டு வாயை மூடினா எப்படி?" அம்மா அவரை உள்ளே இழுத்து, கைக்குட்டையைப் பிடுங்கினாள்.

ரொட்டிக்காரன் கல்லாவில் இருந்த அக்காவிடம் போனான். "அக்கா, முதலாளி இருக்காரா? ஒரு முக்கியமான விஷயம். இவரு எங்க..."

அக்கா நிமிர்ந்து சுங்கத்தாரைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நம்ம ஞாயித்துக்கிழமை சாரு! தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாம சட்டுனு அடையாளமே தெரியல பாருங்க, வழக்கம்போல ரெண்டு க்ரீம் பன்னுதானே?"