டிக் என்றால் பழையது

முன்னறைப் பிரச்சினைக்கு இந்த வாரத்தோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று மதிப்பீட்டாளர் ஒரு சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது தீர்மானித்தார். பெரிய தீர்மானங்களைப் பல் துலக்கும்போது எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வாயில் நுரை நிறைந்திருப்பதால் அவற்றை உடனே மனைவியிடம் அறிவித்து மூக்குடைபட வேண்டியதில்லை.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பை மதிப்பிடுகிறவர். தானே கொளுத்திவிட்டுத் தானாகப் பற்றிக்கொண்டது என்பவர்களையும், வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிவிட்டுச் சுவர்தான் குறுக்கே வந்தது என்பவர்களையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். பகலெல்லாம் பித்தலாட்டக்காரர்களோடு பழகும் மனிதருக்கு, நாமும் ஒருமுறை செய்து பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயற்கைதான். அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்று. அலுவலகத்தில் அவர் எதிரே உட்கார்ந்து விழிப்பவர்கள் அப்பாவிகள். வீட்டில் இருந்தவரோ கணித ஆசிரியை.

முன்னறைதான் அந்த வீட்டிலேயே பெரிய அறை. அதில் இரண்டு ஆளுயர ஒலிபெருக்கிகளும் ஒரே ஒரு நாற்காலியும் இருந்தன. மூன்றும் பிசகில்லாத சமபக்க முக்கோணமாக நின்றன. சுவரெல்லாம் மேடும் பள்ளமுமான பஞ்சுத் தகடுகள். ஜன்னலுக்குக் கம்பளி கனத்தில் திரை. அங்கே யாராவது தும்மினால் அது தும்மலாகக் கேட்காது. தும்மலைப் பற்றி யாரோ ரகசியம் சொல்வதுபோல்தான் கேட்கும்.

மூலவிக்கிரகம் அலமாரித் தட்டில் இருந்தது. கணினியில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதில் விழும் ஒலியாக மாற்றித் தருகிற சின்னப் பெட்டி. விற்கிறவர்கள் அதை 'டிஏசி' என்பார்கள். ஆசிரியை 'டப்பா' என்பார். பழைய டப்பா உயிரோடு இருக்கும்போதே போன மாதம் புது டப்பாவும் வந்து சேர்ந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று பார்க்கப் பிடிக்காத ஓரகத்திகளைப்போல உட்கார்ந்திருந்தன.

இதற்கிடையே ஆசிரியையிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காம்பஸை எடுத்து வட்டம் போட வேண்டுமானால் மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும்.

அன்று காலை ஆசிரியைதான் பேச்சைத் தொடங்கினார்.

"என்னங்க, ஒரு நாற்காலிக்கு ஒரு முழு அறை. ஒரு வகுப்புக்கே ஒரு சாப்பாட்டு மேசை. இது எந்தக் கணக்குல சேத்தி?"

"இது கணக்கு இல்ல. கலை."

"அந்தக் கலையைப் படுக்கையறையில வெச்சுக்கக் கூடாதா?"

"அங்க கனமான ஒலியெல்லாம் மூலையில போய் உருளும். உனக்குச் சொன்னா புரியாது."

"அங்க ராத்திரி பூரா ஒருத்தர் உருண்டுக்கிட்டுத்தான் இருக்கார். எனக்கு நல்லாவே புரியும். சரி, பழைய டப்பாவுல கேக்காதது புதுசுல அப்படி என்னதான் கேக்குது?"

மதிப்பீட்டாளரின் முகத்தில் பக்தி படர்ந்தது. "ஒரு திரையை விலக்கின மாதிரி இருக்கு. பாடறவங்க மூச்சு இழுக்கறது கேக்குது. உதட்டை ஈரப்படுத்திக்கறது கேக்குது."

"நேத்து நான் அடுக்களையிலேர்ந்து தொண்டை கிழியக் கூப்பிட்டது?"

"அது... பதிவு சரியில்ல."

"ஓகோ."

அந்த 'ஓகோ'வில் இருந்த ஏளனத்தை அளக்க உலகத்தில் இன்னும் கருவி வரவில்லை. மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ நம்பலைன்னா பரீட்சை வெச்சுக்கலாம். நாளைக்கே. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்துக்கறேன். நீ பின்னால நின்னு உன் இஷ்டத்துக்குப் பழைய டப்பாவுலயோ புதுசுலயோ பாட்டைப் போடு. பத்து தடவை. எது எதுன்னு நான் சொல்றேன். பத்தும் சரின்னா இந்த அறைப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"ஒண்ணு தப்பினா?"

"ஒண்ணே ஒண்ணு தப்பினாலும் அறை உன்னுது. கரும்பலகையை நானே சுமந்துட்டு வந்து மாட்டறேன்."

"சரி," என்றார் ஆசிரியை.

ஒரு மனைவி ஒரு 'ஆனால்' கூடப் போடாமல் 'சரி' என்று சொன்னால், விவரமுள்ள கணவன் அப்போதே காய்ச்சல் வந்ததாகப் படுத்துவிடுவான். மதிப்பீட்டாளர் விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அவருடைய தைரியத்துக்குக் காரணம் காது அல்ல. பழைய டப்பாவுக்குள் ஒரு சின்ன விசை இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் அது 'டிக்' என்று ஒரு சொடக்குப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். புதியது பூனைபோல எழுந்திருக்கும், சத்தமே கிடையாது. ஆக, இசையைக் கேட்கவே வேண்டாம். பாட்டுக்கு முன்னால் 'டிக்' கேட்டால் பழையது. கேட்காவிட்டால் புதியது. இவ்வளவுதான் அந்தத் தெய்விக ஞானம். புது டப்பாவை வாங்கிய நாள்முதல் அவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் உள்ளபடி கண்டுபிடித்த ஒரே வித்தியாசமும் இதுதான். இதை அவர் தனக்குத்தானேகூட ஒப்புக்கொண்டதில்லை.

ஞாயிறு காலை, சாட்சியாக எதிர்வீட்டுப் பல் மருத்துவர் வந்தார். அவருக்கும் இதே வியாதி. வீட்டில் இடம் கிடைக்காததால் தம்முடைய ஒலிபெருக்கிகளைச் சிகிச்சை அறையில் வைத்திருந்தார். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகளிடம், "ஒலி எப்படி, அற்புதமா இருக்கில்ல?" என்பார். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

"டாக்டர், நீங்க என் பக்கத்துல நில்லுங்க," என்றார் ஆசிரியை. "அவர் சொல்ற பதிலையும் நான் நெஜமாப் போட்டதையும் இந்தப் பலகையில எழுதணும். ஆனா முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எப்பவும் அடுத்தவங்களைத்தானே மேடம் வாயைத் திறக்கச் சொல்லுவேன்," என்று பல் மருத்துவர் தாமே சிரித்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் முக்கோணத்தின் முனையில் அமர்ந்தார். கண்ணில் துண்டு, மடியில் கைகள், முகத்தில் சமாதி நிலை. பின்னால் ஏதோ நகர்த்தும் ஓசை. பிறகு தெளிவாக, தேன் சொட்டியதுபோல, 'டிக்'. பாட்டு எழுந்தது.

அவர் உடனே சொல்லிவிடவில்லை. கலைஞனுக்கு நிதானம் வேண்டும். தலையைச் சாய்த்தார். புருவத்தை நெறித்தார். ஒரு பழம் அழுகியிருப்பதைக் கண்டவர்போல உதட்டைச் சுழித்தார்.

"பழையது. வயலின்ல ஒரு வறட்சி இருக்கு."

பின்னால் சாக்பீஸ் கீறியது. பல் மருத்துவர், "ச்சு" என்றார். மதிப்பீட்டாளர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து, 'டிக்' இல்லை. பாட்டு மட்டும்.

"ஆகா! புதுசு. பாருங்க, பாடறவங்க நமக்கு முன்னால வந்து நிக்கறாங்க. டாக்டர், கேக்குதா?"

பல் மருத்துவர் ஒரு பெருமூச்சு விட்டார். மதிப்பீட்டாளர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

ஆசிரியை அலமாரி இழுப்பறையைப் படாரென்று சாத்தினார்.

"மெதுவா! காது நுட்பமா வேலை செய்யற நேரம்."

"தெரியாமப் பட்டுடுச்சுங்க. நீங்க நுட்பமா இருங்க."

சுற்றுக்குச் சுற்று மதிப்பீட்டாளரின் வருணனை ஏறிக்கொண்டே போனது. பழையதில் மிருதங்கம் ஈரக் கோணியில் அடித்ததுபோல இருந்தது. புதியதில் தோலின் ஒவ்வொரு துளையும் கேட்டது. பழையதில் பாடகிக்கு ஜலதோஷம், புதியதில் குணமாகிவிட்டது. இழுப்பறை அவ்வப்போது படார் படார் என்றது. பல் மருத்துவரின் பெருமூச்சு முனகலாக மாறி, கடைசிச் சுற்றில் பல் பிடுங்கப்பட்டவரின் ஓசையாகவே ஆகிவிட்டது.

மதிப்பீட்டாளர் துண்டை அவிழ்த்து எழுந்தார். "என்ன டாக்டர், எத்தனை சரி?"

"சார்..." பல் மருத்துவர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீங்க முதல்ல உக்காருங்க."

"பத்தும்தானே?"

"பத்தும்தான். தப்பு."

மதிப்பீட்டாளர் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நேத்திலேர்ந்து சளி. இந்தப் பக்கம் அடைச்ச மாதிரியே இருந்துது. இது செல்லாது. சளி விட்டதும் மறுபடி வெச்சுக்கலாம்."

"காது அடைச்சிருந்தா என்னங்க ஆகும்?" ஆசிரியை வகுப்பில் கேட்பதுபோலவே சாந்தமாகக் கேட்டார்.

"வித்தியாசம் தெரியாது."

"தெரியலேன்னா?"

"குத்துமதிப்பாச் சொல்லுவேன்."

"குத்துமதிப்பாச் சொன்னா ஏறக்குறைய பாதி சரியா வரும். காது கேக்காதவர் சொன்னாலும் வரும். இந்த நாற்காலி சொன்னாலும் வரும். டாக்டர், என்கிட்ட ஒரு பையன் சரியா தவறான்னு கேக்கற கேள்வியில ஒண்ணு விடாம அத்தனையும் தப்பா எழுதினான்னா நான் என்ன நெனப்பேன்?"

"முட்டாள்னு நெனப்பீங்க."

"முட்டாளுக்கு அவ்வளவு துல்லியம் வராது. எதையோ பாத்து எழுதியிருக்கான்னு நெனப்பேன். பாத்த இடம்தான் தப்பு. என்னங்க, நீங்க எதைக் கேட்டு எழுதினீங்க?"

மதிப்பீட்டாளர் அவிழ்த்த துண்டை நான்காக மடித்தார்.

"நான் இசையை..."

"டிக்கை," என்றார் ஆசிரியை. "தெனம் அந்த அலமாரியைத் துடைக்கறது யாரு? பழசு கண்ணைத் திறக்கும்போது சொடக்குப் போடும்னு எனக்குத் தெரியாதா? நான் தொண்டை வத்தக் கத்தினாலும் எழுந்திருக்காத வீட்டுல, இது ஒண்ணாவது ஒரே சொடக்குல எழுந்திருக்குதேன்னு அதுமேல எனக்குத் தனி மரியாதை. முதல்ல பழைய டப்பாவைப் போட்டு 'டிக்'குனு வெச்சுட்டு, பாட்டைப் புதுசு வழியா விட்டேன். அடுத்த தடவை பழசு ஏற்கெனவே முழிச்சுக்கிட்டுதானே இருக்கு? 'டிக்' இல்லாமலே பாட்டை அது வழியா விட்டேன். அணைக்கும்போதும் அது சத்தம் போடுமே, அதை மறைக்கத்தான் இழுப்பறை."

"அப்ப நீதான் ஏமாத்தினே!" மதிப்பீட்டாளர் துள்ளி எழுந்தார்.

"நானா? பாட்டை மட்டும் கேட்டவரா இருந்தா டிக் எங்கேர்ந்து வந்தா என்ன, இழுப்பறை எங்க சாத்தினா என்ன? நான் பாட்டுல கையே வைக்கலியே."

பல் மருத்துவர் மதிப்பீட்டாளரையே உற்றுப் பார்த்தார். "சார், அப்ப அந்த வயலின் வறட்சி? நானும் கூடவே கேட்டேனே சார். புதுசுல பாடிட்டிருந்துது, நீங்க வறட்சின்னதும் எனக்கும் நாக்கு வறண்டுபோச்சே!"

மதிப்பீட்டாளர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். தினமும் அலுவலகத்தில் எதிரே உட்காருகிற முகம்தான். சுவர் குறுக்கே வந்தது என்று சொல்லப்போகிற முகம்.

பஞ்சுத் தகடுகளைப் பிய்த்து, கரும்பலகையைச் சுமந்து, ஆணியடித்து மாட்டியதில் ஞாயிறு கழிந்தது. ஒலிபெருக்கிகளை மட்டும் ஆசிரியை அங்கேயே விட்டுவைத்தார். வகுப்புக்கு வராமல் போன பிள்ளைகளுக்காகத் தம் பாடங்களைக் குரலில் பதிந்து வைத்திருந்தார். அவற்றைப் புது டப்பாவில் போட்டால் பின்வரிசை வரைக்கும் தெளிவாகப் போகிறது என்றார். அறை இல்லாத மதிப்பீட்டாளருக்கு மாலை நேரத்தில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று. உட்கார இடமில்லாதவர் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை வீட்டில் சமையல்தான்.

அப்படி ஒரு மாலை அவர் வாணலியில் வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தார். முன்னறையிலிருந்து ஆசிரியையின் பதிவுக் குரல் வந்துகொண்டிருந்தது. முதலில் அவர் கவனிக்கவில்லை. பிறகு கரண்டி தானாக நின்றது.

"இந்தப் பக்கத்து எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனா குறியை மாத்தணும். மறந்துடாதீங்க."

என்ன குரல்! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உருண்டு வந்தது. வாக்கியத்துக்கு முன் இழுத்த மூச்சு கேட்டது. 'மறந்துடாதீங்க'வில் ஒளிந்திருந்த அலுப்புகூடக் கேட்டது. மதிப்பீட்டாளரின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. எந்தச் சொடக்கின் உதவியும் இல்லாமல், எந்தக் கள்ளமும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தம் சொந்தக் காதால் ஒரு வித்தியாசத்தைக் கேட்டுவிட்டார். தோற்றது அறைதான், காது தோற்கவில்லை. ஊரே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்:

"இதுதாண்டி புது டப்பா! பழசுல இது வரவே வராது! நீ அப்படியே என் பிடரிக்குப் பின்னால வந்து நிக்கற மாதிரி இருக்கு!"

"டப்பாவை அப்பவே அணைச்சாச்சு," என்றது குரல், பிடரிக்குப் பின்னாலிருந்து. "அடுக்களை வாசப்படியில நின்னு நானேதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டிருக்கேன். நீங்க கண்ணைத் திறந்து வெங்காயத்தைப் பாருங்க, கருகுது."