சாவு மேளத்துக்கு ஆடிய விளக்குகள்

மேனாம்பேடு, அம்பத்தூர்.
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கிரண் அவர்களுக்கு, மாமனார் பக்தவத்சலம் எழுதிக்கொள்வது. நீங்களும் சுரேகாவும் ஹைதராபாத்தில் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். நாங்கள் இங்கே சுகமில்லை. போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் பதிவுத் தபால்.

போன மாதம் வந்து வீட்டு முகப்பு முழுக்க எல்.இ.டி. விளக்கு மாட்டினீர்கள். "சுவிட்ச் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "சுவிட்சா? எல்லாமே ஆப்தான் மாமா. பாட்டுக் கேட்டா தானா ஆடும், ஆறு மணிக்குத் தானா எரியும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், ஞாபகமிருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுச் சம்பந்தம் காலமாகிவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். உங்கள் அத்தை வரலட்சுமி காலையிலேயே அங்கே போய்விட்டாள். மாலை ஆறு மணி, பிணத்தை எடுக்கும் நேரம், சாவு மேளம் ஆரம்பித்தது. அதே நொடியில் நம் வீடு ஆட ஆரம்பித்தது மாப்பிள்ளை! சிவப்பு, பச்சை, ஊதா. மேளம் வேகமானால் விளக்கும் வேகமாகிறது. மேளக்காரர் சந்தேகப்பட்டு நிறுத்தினார், விளக்கும் நின்றது. ஒரே ஒரு அடி அடித்தார், ஒரே ஒரு தடவை பளிச். தெருவே பிணத்தை விட்டுவிட்டு நம் வீட்டைப் பார்த்தது. பின்வரிசையில் சிரிப்பு வேறு.

உங்களுக்கு ஏழு தடவை போன் செய்தேன். சுரேகா எடுத்து, "அவரு மீட்டிங்ல இருக்காருப்பா, நீங்களே ஆப்பை டவுன்லோட் பண்ணிக்கோங்க" என்றாள். செய்தேன். பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, என் போட்டோவெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தினேன். கடைசியில், 'உங்கள் அருகில் விளக்கு எதுவும் இல்லை' என்றது. அந்த எழுத்தைப் படிக்கும்போது என் மூக்குக் கண்ணாடியில் பச்சை ஓடுகிறது!

மெயினை அணைத்தேன். வீடு இருண்டது, உங்கள் விளக்கு மட்டும் இன்வெர்ட்டரில் இன்னும் ஜோராக ஆடியது. இன்வெர்ட்டர் அறை பூட்டியிருந்தது. சாவி வரலட்சுமி இடுப்பில். வரலட்சுமி பிணத்தின் தலைமாட்டில். அத்தனை பேர் நடுவே தலைகுனிந்து போனேன். சம்பந்தத்தின் மகன் டில்லிபாபு வழிமறித்தான்.

"இன்னா நைனா, எங்கப்பன் செத்துக் கெடக்கசொல்ல உன் ஊட்டுக்கு இன்னா கொண்டாட்டம் கேக்குது?"

"இல்லப்பா, அது ஆப்பு..."

"யாருக்கு நைனா ஆப்பு?"

வரலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கையில் திணித்தாள். "இனிமே இந்தத் தெருவுல எப்படிங்க தலைகாட்டுறது?"

ஓடி வந்து இன்வெர்ட்டரை அணைத்தேன். விளக்கு செத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை. மொட்டை மாடிக்கு ஏறி, கட்டிங் பிளேயரால் மொத்தத்தையும் துண்டு துண்டாக நறுக்கினேன். அறுபத்தெட்டு வயதில், மூச்சு வாங்க, இருட்டில். அன்றிலிருந்து டில்லிபாபு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எல்லாம் முடிந்த பிறகு உங்கள் பதில் வந்தது. கட்டைவிரல்!

ஆகவே இனி என் வீட்டில் ஒரு குண்டு பல்பு, ஒரு சுவிட்ச். போதும். நீங்கள் தீபாவளிக்கு வரலாம், வர வேண்டும்; போனை மட்டும் ஹைதராபாத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். குழந்தைகளே, நூறாண்டு நன்றாக இருங்கள். கோபத்தோடு சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

இப்படிக்கு,
பக்தவத்சலம்

பி.கு.: கவரை ஒட்டும்போது டில்லிபாபு தன் தாயார் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தான். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன். அந்தம்மா உட்கார்ந்து, "அந்த லைட்டு அவரு மூஞ்சில பட்டுச்சே, செவப்பும் பச்சையுமா, அப்போ சிரிச்சாப்புல இருந்துச்சுண்ணா. கடைசியா நான் பாத்த மொகம் அதான். பதினாறாம் நாளு படம் தொறக்கசொல்ல ஒரு தபா போட்டு உடுறியா?" என்றது. துண்டு துண்டாக நறுக்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சரியம்மா என்று சொல்லிவிட்டேன். மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டதாம். அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் வண்டியில் புறப்பட்டு வாருங்கள் மாப்பிள்ளை. புது விளக்கு ஒரு செட், நீளமாகவே வாங்கி வாருங்கள்.