கோமதியைக் காப்பாற்றிய கிளைமாக்ஸ்

தமிழ் சினிமாவில் சாகக் கிடந்த கதாநாயகிகளில் பாதிப் பேரைப் பிழைக்கவைத்தவர், எங்கள் ஊர்க் கொட்டாயில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கிளைமாக்ஸ். மீதிப் பாதி செத்துப்போனதற்கு ஒரே காரணம், அந்தப் படங்கள் எங்கள் ஊருக்கு வரவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர் வந்தது பஸ்ஸால். போளூரிலிருந்து வரும் கடைசி பஸ் எங்கள் ஊரில் நின்றுவிட்டு மலையேறும். கொட்டாயில் படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அது கிளம்பிவிடும். வில்லன் கத்தியை ஓங்குகிற நேரத்தில் மலை ஜனங்கள் எழுந்து இருட்டில் செருப்பைத் தேடுவார்கள். எந்தப் படத்துக்கும் அவர்கள் முடிவைப் பார்த்ததில்லை.

கிளைமாக்ஸுக்கு இது பொறுக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு அவர்களோடு பஸ் நிற்கிற இடம்வரை ஓடுவார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கதையை நடித்துக் காட்டுவார். அம்மா, வில்லன், குதிரை, இடி மின்னல் எல்லாம் அந்த ஒற்றை ஆள்தான்.

என்ன தொல்லை என்றால், சோகமான முடிவு அவர் வாயில் வராது. டைரக்டர் கொன்றவர்களை எல்லாம் இவர் எழுப்பி உட்காரவைத்துவிடுவார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினால், கதைக்குள்ளேயே ஒரு டிரைவர் வந்து, மருந்தோடு பஸ்ஸைப் பறக்கவிட்டுக் கதாநாயகியைக் காப்பாற்றுவார். உடனே நிஜ டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்பார். ராஜா ராணிப் படத்தில்கூட ஒரு பஸ் வந்ததாகக் கேள்வி.

பிறகு கொட்டாயை மூடிவிட்டார்கள். உள்ளே நெல் மூட்டை அடுக்கினார்கள்; மூட்டைக்கு மேலே வௌவால் குடியேறியது. சில வருடங்களுக்கு முன்புதான், ஊரே சேர்ந்து அதைப் பழையபடி புதுப்பிப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சினிமா, பள்ளிக்கூட ஆண்டு விழா, சர்ச் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பொது இடம் ஆகும் என்றார்கள். குழுவுக்குச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தபோது நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது நான்தான் செயலாளர்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் தேடினேன், பழைய மாதிரி ஓடு தேடினேன், சண்டை போட்டுக்கொண்டு போன குழு உறுப்பினர்களைத் தேடினேன். கொட்டாய் நிமிர்ந்தது, என் இடுப்பு போனது. இப்போதும் யாராவது 'திறப்பு விழா' என்றால் எனக்குப் படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் நாள் என்ன படம் போடலாம் என்று சந்தைக்கு வந்த மலை ஜனங்களைக் கேட்டோம். எல்லாரும் ஒரே படத்தைச் சொன்னார்கள். கோமதி என்ற ஏழைப் பெண்ணுக்கு மாமியார் பாலில் விஷம் வைக்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். "கோமதி பொழைச்சிக்கிறத காதாலதான் கேட்டோம், கண்ணால பாக்கணும்" என்றார்கள். டி.வி.யில் அது வருவதே இல்லை. பிரதி ஒன்றைப் பிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சேதி கேட்டுக் கிளைமாக்ஸ் என் வீட்டுக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"சார், இன்டர்வெல்லோட நிறுத்திக்கலாம். சாப்பாடு வேற கீதே."

"இன்டர்வெல்லோட எப்படிண்ணா நிறுத்துறது?"

"அந்தப் பொண்ணு செத்துரும் சார்."

"படத்துலதானே?"

"படத்துலதான் சார் சாவுது. மலையில உயிரோட கீது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க ஒவ்வொரு வூட்லயும் என் பேச்ச நம்புறாங்க. நான் வேற இன்னா சார் சம்பாரிச்சேன்? கடைசி காலத்துல புளுகன்னு பேர் வாங்கிக் குடுத்துறாதீங்க."

எனக்கு அப்போது பந்தல்காரர் கவலை. போங்கண்ணா, பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தேன். அவர் விடவில்லை. குழுத் தலைவரான ரைஸ் மில்காரரிடம் போய், "புது எடத்துல மொத மொத சாவு வுழலாமா?" என்று கேட்டுவிட்டார். தலைவர் ஆடிப்போய் என்னைக் கூப்பிட்டார். பால் காய்ச்சிவிட்டுப் படம் போட்டால் தோஷமில்லை என்று சொல்லி அவரைச் சமாளித்தேன். விஷம் வைக்கிற பாலும் பால்தானே என்று அவருக்குத் தோன்றாதது என் அதிர்ஷ்டம். கடைசியாக, கரண்ட் போக வேண்டும் என்று கிளைமாக்ஸ் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். வருடம் முழுக்க வேண்டாமலே போகிற கரண்ட் அன்றைக்கு அசையவில்லை.

மாட்னி ஷோ. வேன் வேனாக மலை ஜனங்கள் வந்து இறங்கினார்கள். கொட்டாய் நிரம்பியது. கிளைமாக்ஸ் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

கோமதி பாலைக் குடித்தாள். அடிவாரத்து ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். மலை ஜனங்கள் சிரித்த முகமாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கோமதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். "தோ வந்துரும் பாரு" என்று ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டார்கள். கதாநாயகன் மடியில் அவள் கண்ணை மூடினாள், அவன் ஓவென்று அழுதான், திரையில் 'வணக்கம்' விழுந்தது. விளக்கைப் போட்டோம்.

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். செல்லம்மா என்று பெயர். மூத்த மகளுக்குக் கோமதி என்றே பெயர் வைத்தவர்.

"பஸ் எங்கய்யா?"

நான் கொஞ்சம் நகர்ந்து தலைவருக்குப் பின்னால் நின்றேன்.

"செயலாளரே, உன்னத்தான். டாக்டர ஏத்திகினு ஒரு பஸ் வருமே, அத்த எங்க வெட்டிப் போட்டீங்க?"

கொட்டாய் முழுக்க இரைச்சல். "மலைக்காரன்னா எளப்பமா?" என்று ஒரு குரல். "முழுப் படத்தையும் போடுங்கடா!" என்று இன்னொன்று. தலைவர் என்னைப் பார்த்தார். ஆமாம், பிரதி பழசு, அந்த இடம் அறுந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் கிளைமாக்ஸ் தப்பித்துவிடுவார். பழி எங்கள் தலையில் விழும். விழட்டும், ஏற்கெனவே எத்தனையோ விழுந்திருக்கிறது. மேடையேறி மைக்கை எடுத்தேன்.

அதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து அவர் வந்துவிட்டார்.

"அவுங்க வெட்டல. படமே அவ்ளோதான். பஸ்ஸ வுட்டது நானு."

மலை ஜனங்கள் மொத்தமாக அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எல்லா படத்துக்குமா?" என்றார் செல்லம்மா.

"பெரும்பாலும்." தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இருட்டுல மலையேறப் போற ஜனம். பாதிக் கதையில எழுந்து வந்து என் மூஞ்சியவே பாப்பீங்க. செத்துட்டான்னு சொல்லி உங்கள அழுதுகினே பஸ் ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வர்ல. வேற ஒண்ணும் இல்லம்மா."

செல்லம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கை ஓங்கிவிடுவாரோ என்று நான் மேடையை விட்டு இறங்கினேன்.

"நீ மட்டும் நெசத்த சொல்லியிருந்தா, செத்தவ பேரையா எம் பொண்ணுக்கு வச்சிருப்பேன்? நல்ல வேள, புளுகின." சேலை முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். "வா வெளிய. இவுங்க எடுத்தது நல்லால்ல. நீ சொல்லு, டாக்டரு எந்த எடத்துல பஸ் ஏறுனாரு?"

வேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு கிளைமாக்ஸ் முழு முடிவையும் நடித்தார். அழுதுகொண்டிருந்த அடிவாரத்து ஜனங்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலி எண்ண வேண்டும், பந்தல் பிரிக்க வேண்டும், எனக்கோ உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் வலி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். கோமதி பிழைத்துக்கொண்டாள். சத்தியமாக எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

போன மழைக்காலத்தில் கிளைமாக்ஸ் காலமானார். மழையில் மலைப் பாதை அடைபட்டிருந்ததால் மேலே சேதி சொல்ல முடியவில்லை. பாதை திறந்த பிறகு செல்லம்மா சந்தைக்கு வந்தவர், கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், அண்ணனக் காணோம்?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வேன் கிளம்பக் காத்திருந்தது, அவர் ஒற்றை ஆளாக வந்திருந்தார், மேலே போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும்.

"செங்கத்துல மக வூட்டுக்குப் போயிருக்காரும்மா" என்றேன்.

செல்லம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி சார், மெதுவாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறிக்கொண்டார்.